சுக்கான்

சாய்ந்தமருது
14.1.1954

அன்புள்ள மசூர் காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

காய்ச்சல் விட்டுவிட்டதா? பதுளைக் குளிருக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள், சோம்பல் பட வேண்டாம். நானும் ஹவ்வா உம்மா சாச்சியும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம்.

புருஷன் இறந்தவள் என்று என்னை நாலு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருத்திவிட்டார்கள். தோணி கவிழ்ந்து நீந்திக் கரைசேர்ந்த இரண்டு பேரும் காதியாருக்கு முன்னால் சத்தியம் சொன்னார்கள். உங்கள் மச்சானை அலை மூடியதைக் கண்ணால் கண்டதாகவும், அவர் திரும்ப எழும்பவே இல்லை என்றும் சொன்னார்கள். மையித்துக் கரை ஒதுங்காவிட்டாலும் அந்தச் சாட்சியம் போதும் என்றார் காதியார். எனக்குப் போதவில்லை. ஆனால் என்னிடம் யாரும் கேட்கவுமில்லை. வெள்ளை உடுத்தி உள்ளறையில் இருக்கிறேன். மச்சானின் சாரம், சட்டை, துவாய் எல்லாவற்றையும் சாச்சி மூட்டையாகக் கட்டித் தர்மம் கொடுத்துவிட்டார். ஒன்றும் மிச்சமில்லை.

இப்போது வந்திருப்பது பூனைப் பிரச்சினை. மச்சான் வளர்த்த சாம்பல் நிறக் கடுவனை உங்களுக்குத் தெரியும். தோணியின் சுக்கானைப் போல வாலை ஒரு பக்கம் சாய்த்து நடக்கிறது என்று சுக்கான் என்றே பேர் வைத்தார். சாச்சி அதை வீட்டில் வைக்கவே கூடாது என்கிறார். "இத்தா வீட்டுல ஆம்புளக் கண்ணு ஒண்டும் புள்ளட மேல படப்படா. கடுவன் எண்டாலும் ஆம்புளதானே" என்று ஒரே பிடி. சேவலையும் அறுத்தாயிற்று. சுக்கானை எத்தனை தரம் விரட்டினாலும் பின்வாசலில் வந்து நிற்கிறது. அதனால் உங்கள் கடைக்குச் சாரம் ஏற்றி வரும் மருதமுனை லொறியில், பிரம்புக் கூடையில் வைத்து அனுப்புகிறேன். இத்தா முடிந்ததும் எனக்குத் திருப்பித் தந்துவிட வேண்டும். வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

துஆச் செய்யுங்கள்.
தங்கச்சி றாஹிலா


பதுளை
26.1.1954

அன்புத் தங்கச்சி றாஹிலாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

காய்ச்சல் விட்டது, தொண்டை மட்டும் இன்னும் கரகரக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு. சாச்சியின் முழங்கால் வலிக்கு இங்கிருந்து ஒரு தைலம் லொறியில் கொடுத்துவிடுகிறேன்.

உன் சுக்கான் துரை வந்து இறங்கிவிட்டார். கூடையைத் திறந்ததும் கடை முழுவதையும் முகர்ந்து பார்த்துவிட்டுச் சாரக் கட்டுகளுக்கு மேல் ஏறிப் படுத்தார். முதலாளி முகத்தைச் சுளித்தார். பக்கத்து அறையில் இருக்கும் எங்கள் கணக்கப்பிள்ளை கனகரெத்தினம் அண்ணருக்கு ஆலையடிவேம்பில் வீடு நிறையப் பூனை. புளிப்பு வாடை பூனைக்கு ஆகாது என்று கட்டுகளைச் சுற்றித் தேசிக்காய்த் தோலைப் போடச் சொன்னார். போட்டேன், இறங்கிவிட்டது. புது இடம் பிடிக்க அடுப்புச் சாம்பலைக் காலில் தேய்க்கச் சொன்னார். அதையும் செய்தேன்.

ஆனால் ஒரு பழக்கம் மட்டும் யாருக்கும் விளங்கவில்லை. பகல் முழுக்க உள்ளே கிடக்கிறது. பொழுது சாய, மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் வெளியே போய்விட்டுப் பின்வாசலுக்கு வந்து கதவைக் காலால் தட்டுகிறது. திறந்தால் உள்ளே வராது. ஒரு முன்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். முன்வாசல் திறந்தே கிடக்கிறது, அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காது. தூக்கி வந்து விட்டால் மறுபடி போய் அதே இடத்தில் நிற்கிறது. குளிரில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நானும் நிற்கிறேன். என்ன செய்யலாம் என்று எழுது.

உன் காக்கா
மசூர்


சாய்ந்தமருது
4.2.1954

அன்புள்ள காக்காவுக்கு ஸலாம்.

தைலம் வந்தது. சாச்சி உங்களுக்கு நூறு துஆச் செய்கிறார். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

சுக்கானின் காலில் தண்ணீர் ஊற்றுங்கள், உள்ளே வரும். உள்ளங்கை அளவு போதும். முதலில் வலது கால். ஊற்றும்போது ஒன்றும் கதைக்க வேண்டாம்.

தங்கச்சி
றாஹிலா


பதுளை
21.2.1954

அன்புத் தங்கச்சிக்கு ஸலாம்.

நான் சுகம். நீயும் சாச்சியும் சுகமாக இருக்க வல்ல நாயனை இறைஞ்சுகிறேன்.

நீ சொன்னபடி ஊற்றினேன். வலது காலை நீட்டிக் காட்டியது, பிறகு இடது காலை. கழுவி முடிந்ததும் பெரிய மனிதர் போல நடந்து உள்ளே வந்து சுவர் ஓரமாக உட்கார்ந்தது. தண்ணீரைக் கண்டால் ஓடுகிற பிறவி என்று நினைத்திருந்தேன். பூனைக்குக் கால் கழுவி விடும் ஒரே சீமான் பதுளையில் நான்தான்.

இன்னொரு கூத்து. மட்டக்களப்பிலிருந்து ஐஸ் போட்டு வரும் மீனில் இரண்டு சாளை வாங்கிப் போட்டேன். உடம்பைத் தின்றது, தலையைத் தொடவில்லை. மூக்கால் மெல்லத் தள்ளிக் கோப்பையின் மறு பக்கத்தில் வைத்தது. ஒரு நாள் இல்லை, எல்லா நாளும் அப்படித்தான். மீன் தலையை ஒதுக்குகிற பூனையைக் கண்டதே இல்லை என்கிறார் கனகரெத்தினம் அண்ணர்.

ஜும்மா முடிந்து பள்ளி மௌலவியிடம் பூனையின் இத்தா விஷயத்தைக் கேட்டேன். மனிதர் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடுவன் பூனைக்கும் இத்தாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம், எந்தக் கிதாபிலும் கிடையாதாம். அது உன் காலடியிலேயே கிடந்திருக்கலாம். சாச்சியிடம் சொல்லாதே, சண்டைக்கு வருவார்.

இத்தாவில் இருப்பவளிடம் இதை வெளிப்படையாகப் பேசக் கூடாது என்று தெரியும். உன் காக்கா என்பதால் காதில் மட்டும் போட்டு வைக்கிறேன். சம்மாந்துறையில் நெல் ஆலை வைத்திருக்கும் மக்கீன் எங்கள் கடைக்கு வந்து போகிறவர். மனைவி மௌத்தாகி இரண்டு வருஷம். குடி, கூத்து இல்லாத மனிதர். உம்மாவும் வாப்பாவும் இல்லாத உன்னைக் கடற்கரை வீட்டில் தனியாக விட்டுவிட்டு எனக்கு இங்கே நித்திரை வருவதில்லை. நோன்புப் பெருநாள் கழித்துக் காவின் எழுதிக் கலியாணத்தை வைக்கலாம் என்று நினைக்கிறேன். உன் மனதை எழுது.

காக்கா
மசூர்


சாய்ந்தமருது
6.3.1954

அன்புள்ள காக்காவுக்கு ஸலாம்.

நாங்கள் சுகம். இங்கே வாடைக்காற்று அடங்கிவிட்டது. உங்கள் தொண்டைக்கு இஞ்சியும் தேனும் நல்லது.

மீன் தலையை எறிய வேண்டாம். ஒரு கிண்ணத்தால் மூடி விடியும் வரை வைத்துவிட்டுப் பிறகு காகத்துக்குப் போடுங்கள். எறிவதைக் கண்டால் மறுநாள் சாப்பிடாது. பாயைக் கதவுக்கு நேரே விரிக்காதீர்கள், சுவரோடு விரியுங்கள். பின்னால் நின்று கூப்பிட வேண்டாம், அது அபசகுனம். ஈரத்தோடு வந்தால் உடனே துவட்டிவிடுங்கள், முதலில் காதுக்குப் பின்னால். அந்த இடத்தில் ஈரம் நின்றால் தடிமன் பிடிக்கும்.

தங்கச்சி
றாஹிலா


பதுளை
24.3.1954

அன்புத் தங்கச்சி றாஹிலாவுக்கு ஸலாம். சுகம், உன் சுகத்துக்கு துஆ.

காவினைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதினால் நீ பூனையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறாய். மக்கீன் என்னிடம் முடிவு கேட்கிறார். ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் எழுதக் கை வலிக்கிறதா?

சரி, உன் பூனைக்கு வருகிறேன். ஈரத்தோடு வந்தால் துவட்டச் சொல்லி எழுதியிருந்தாய். இங்கே ஒரு மாதமாக மழையில்லை, பூனை எங்கே போய் நனையப் போகிறது என்று எனக்குள் சிரித்தேன். உன் கடிதம் வந்த அன்று மஃரிபுக்குக் கதவு தட்டியது. திறந்தேன். உச்சியிலிருந்து வால்வரை தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது. மறுநாளும் அப்படித்தான். அதற்குப் பிறகு நனையாமல் வந்த நாளே இல்லை. ஆற்றில் இறங்குகிறது என்று நினைத்துத்தான் துவட்டினேன். துவட்டிய துணியைக் கொடியில் போட்டிருந்தேன். காய்ந்த பிறகு எடுத்தால் மொரமொரவென்று இருந்தது, வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

றாஹிலா, இங்கிருந்து கடலுக்கு ஒரு நாள் பயணம்.

அந்தத் துணியைக் கனகரெத்தினம் அண்ணரிடம் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உடனே திருப்பித் தந்தார். "தம்பி, நான் எத்தின பூன வளத்தவன். இது பூனட பழக்கமில்ல. ஆரோ மனிசன்ட பழக்கம்" என்றார். அன்றிலிருந்து என் அறைக்கு வருவதை நிறுத்திவிட்டார். இந்தப் பழக்கங்களையெல்லாம் நீ எங்கே கற்றாய்? எனக்கு மறைக்காமல் எழுது.

காக்கா
மசூர்


சாய்ந்தமருது
5.4.1954

அன்புள்ள காக்காவுக்கு ஸலாம்.

உங்கள் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆச் செய்கிறேன். இங்கே கடல் தெளிந்துவிட்டது. கரைவலை தொடங்கிவிட்டார்கள். அவர்கள் அம்பாப் பாடி இழுக்கும் சத்தம் உள்ளறைக்குக் கேட்கிறது. கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.

துவட்டிய துணியைத் துவைக்காமல் எனக்கு அனுப்புங்கள்.

தங்கச்சி
றாஹிலா


பதுளை
16.4.1954

அன்புத் தங்கச்சிக்கு ஸலாம்.

நான் சுகம். கடையில் வேலை அதிகம், அதனால் இந்தக் கடிதம் சின்னது. நீ கேட்ட துணியைத் துவைத்துவிட்டேன், மன்னித்துக்கொள். மக்கீன் வந்திருந்தார். காவினுக்கு என்று நம்முடைய மருதமுனைச் சாரங்களில் நல்லதாகப் பார்த்து ஒரு கட்டு எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நல்ல மனிதர், உன்னைப் பற்றி மரியாதையாகத்தான் கதைத்தார்.

சுக்கான் சுகம். நன்றாகத் தின்கிறது, ஒரு கரைச்சலும் இல்லை. நீ அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மசூர்


சாய்ந்தமருது
16.4.1954

அன்புள்ள காக்காவுக்கு ஸலாம்.

இதற்கு முந்திய கடிதத்துக்கு உங்கள் பதில் இன்னும் வரவில்லை. சுகமாக இருக்கிறீர்களா? எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. சாச்சி வயிற்றுக்கு ஓமம் அவித்துத் தந்தார்.

காக்கா, சுக்கானைச் சாக்கில் போட்டுக் கட்டக் கூடாது. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். மூடிக் கட்டினால் மூச்சு முட்டும். கண்ணுக்கு முன்னால் இருட்டு வந்து மூடுவதை இன்னொரு தரம் தாங்காது. தூரத்தில் கொண்டுபோய் விட்டாலும் வந்துவிடும், ஆனால் மனம் நோகும். வரும்போது தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்றுங்கள்.

தங்கச்சி
றாஹிலா


பதுளை
11.5.1954

அன்புத் தங்கச்சி றாஹிலாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

நோன்பு தொடங்கிவிட்டது. உனக்கும் சாச்சிக்கும் அல்லாஹ் இலேசாக்கி வைக்கட்டும். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் சோம்பலில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நான் உனக்குப் பொய் எழுதினேன். சுக்கான் சுகம் என்று எழுதிய அன்று சுக்கான் என்னிடம் இல்லை. அதற்கு முந்திய நாள் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, லொறிக்காரனிடம் கொடுத்துப் பசறைக்கு அப்பால் தேயிலைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வரச் சொன்னேன். உன்னிடம் அதை யாரும் சொல்லியிருக்க முடியாது. உன் கடிதம் வந்ததும் அதன் தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அன்று மஃரிபுக்குக் கதவு தட்டியது. வெந்நீர் வைத்துத் தயாராகத்தான் இருந்தேன். அது என் முகத்தைப் பார்க்கவில்லை. கால் கழுவியதும் நேரே போய் மக்கீன் எடுத்து வைத்த சாரக் கட்டின் மேல் ஈரத்தோடு படுத்துவிட்டது. தேசிக்காய்த் தோல் இப்போது ஒன்றும் செய்வதில்லை. காலையில் கட்டைப் பிரித்தால் அடிச் சாரம் வரைக்கும் உப்புப் பூத்திருந்தது. எத்தனை தரம் அலசியும் போகவில்லை.

பிறை கண்ட நாள் தொடக்கம் பகலில் ஒன்றும் தின்பதில்லை. தண்ணீர் கூட இல்லை. கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்திருந்து பள்ளியில் பாங்கு சொன்ன பிறகுதான் வாய் வைக்கிறது.

நேற்று நோன்பு திறந்த பிறகு அது மீன் தலையை ஒதுக்கி வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு நினைவு வந்தது. உன் கலியாணம் முடிந்த புதிதில் உங்கள் வீட்டில் ஒரு நாள் சாப்பிட்டேன். அபூசாலி மச்சான் பாரை மீனின் தலையைத் தொடாமல் எடுத்து உன் கோப்பையின் ஓரத்தில் வைத்தார். நான் பகிடி பண்ணினேன், நீ வெட்கப்பட்டு எழும்பிப் போனாய். கடலால் வந்தால் அவர் பின்வாசலில்தானே நிற்பார்? மணல் காலோடு உள்ளே வர மாட்டார், நீ போய் ஊற்ற வேண்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது, தங்கச்சி. மக்கீனுக்கு நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். உன் இத்தா அடுத்த கிழமை முடிகிறது. பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை அவரும் நானும் ஆட்களோடு வருகிறோம். எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். நீ ஏதாவது எழுது. ஒரு வரி போதும்.

மசூர்


பதுளை
19.5.1954

அன்புத் தங்கச்சிக்கு ஸலாம். சுகமா? உன் கடிதம் வரவேயில்லை.

சுக்கானைக் காணவில்லை. நேற்று விடியும்போது பார்த்தேன், கதவடியில் உட்கார்ந்திருந்தது. கதவைத் திறந்துவிட்டேன். வாலைச் சாய்த்துக்கொண்டு பண்டாரவளைப் பக்கம் போகாமல், நம் ஊருக்கு இறங்கும் றோட்டில் நடந்தது. நான் கூப்பிடவில்லை. நேற்று மஃரிபுக்கு வெந்நீரோடு காத்திருந்தேன், ஒருவரும் தட்டவில்லை. அறை வெறிச்சோடிக் கிடக்கிறது. ஆனால் எனக்குப் பாரம் இறங்கின மாதிரியும் இருக்கிறது, அதை உனக்கு மறைக்கவில்லை.

இத்தா முடிந்ததும் தருவதாகச் சொன்ன பூனையைத் தர முடியாமல் போனது. மன்னித்துக்கொள். வேறு நல்ல குட்டி ஒன்று பார்த்து வருகிறேன்.

காக்கா
மசூர்


சாய்ந்தமருது
20.5.1954

அன்புள்ள மசூர் காக்காவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

தொண்டை எப்படி இருக்கிறது? நோன்பு பிடித்துக்கொண்டு கடையில் கத்தாதீர்கள். நான் நல்ல சுகம். சோறு இறங்குகிறது.

சுக்கானைக் காணவில்லை என்று எழுதிப் போட்டிருப்பீர்கள், அந்தக் கடிதம் இன்னும் வழியில் இருக்கும். தேட வேண்டாம். வந்து சேர்ந்தாயிற்று.

நேற்று முன்தினம் என் இத்தா முடிந்தது. குளித்து வேறு உடுப்பு உடுத்தினேன். நோன்பு திறக்கக் கஞ்சியை ஊற்றி வைத்துக்கொண்டு நானும் சாச்சியும் இருந்தோம். பாங்கு சொல்லி முடிந்ததும் பின்வாசல் தட்டுப்பட்டது. சாச்சி முந்திக்கொண்டு போய்த் திறந்தார். வெளியே பார்த்தார். கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு முன்வாசலால் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இன்னும் திரும்பி வரவில்லை. பாவம், நல்ல மனுஷி. அவரை நீங்கள் ஏச வேண்டாம்.

நான் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். உள்ளங்கை அளவு போதும் என்று உங்களுக்கு எழுதியிருந்தேன் அல்லவா? செம்பு முழுக்க ஊற்றியும் போதவில்லை. ஒரு வாளி ஊற்றினேன், அதுவும் போதவில்லை. அவ்வளவு மணல். கிணற்றடிக்குப் போய் இன்னொரு வாளி கொண்டு வந்தேன். வலது காலை முதலில் நீட்டினார்.

ராத்திரி மீன் ஆணம் வைத்தேன். தலை என் கோப்பைக்கு வந்தது. தோணி போன நாளுக்குப் பிறகு நான் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். காதியார் கேட்டார் என்றால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நான் ஒரு நாளும் காவினுக்கு ஓம் என்று எழுதவில்லை, நீங்கள்தான் எனக்காக வாக்குக் கொடுத்தீர்கள். மக்கீனுக்கு என் ஸலாத்தைச் சொல்லி வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, பாவம், தெரியாமல்தான் கேட்டார்.

பெருநாளைக்கு நீங்கள் மட்டும் வாருங்கள். பகலில் வாருங்கள். பின்வாசல் பக்கம் போகாமல் முன்வாசலால் வந்து என்னைக் கூப்பிடுங்கள். சாக்கு விஷயத்தை அவரிடம் நீங்களே சொல்லி மாப்புக் கேட்டுக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டார்.

வல்ல நாயன் உங்களைக் காப்பானாக.
உங்கள் அன்புத் தங்கச்சி
றாஹிலா

வரும்போது உங்கள் கடையிலிருந்து சாரம் ஒன்று எடுத்து வாருங்கள், நீலக் கோடு போட்டது, அகலம் கூடியதாக. அவருடையதையெல்லாம் சாச்சி தர்மம் கொடுத்துவிட்டார். வந்த நேரம் தொடக்கம் ஈரத்தோடுதான் இருக்கிறார், மாற்றி உடுக்க வீட்டில் ஒன்றுமில்லை.